மின்வெட்டு ஊரில் நிலாச் சுரங்கம்: ஈவ் ஆன்லைன் அப்டேட்களும் ஒரு டர்பன் குழுவும்

ஈவ் ஆன்லைன் போன்ற விண்வெளிக் கணினி விளையாட்டில் பெரிய அப்டேட் வந்ததும் எல்லோரும் முதலில் விலைப்பட்டியலைத்தான் திறப்பார்கள். எது ஏறியது, எது விழுந்தது, எதை வாங்கிப் பதுக்கலாம் என்று கணக்குப் போடுவார்கள். நானும் போடுவேன். ஆனால் ஒரு சின்னக் குழுவின் வரவு செலவை வருடக்கணக்கில் எழுதி வந்ததில், விலைக்கு முன்னால் வேறொன்று மாறுவதைக் கவனித்தேன். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எத்தனை பேர் சேர்ந்து உட்கார்ந்தால் காசு என்பதைத்தான் ஒவ்வொரு அப்டேட்டும் முதலில் திருத்தி எழுதுகிறது. விலை அதன் பின்னால் வருகிறது.

இதைப் பார்ப்பதற்கு டர்பன் தோதான ஊர். 2022, 2023 ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. ஆறாம் கட்டம் அறிவித்தால் ஒரே நாளில் மூன்று தடவைகூடக் கரண்ட் போகும், தடவைக்கு இரண்டு மணி நேரம் அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்து ஆடினால், ஓர் அப்டேட் நம்மிடம் எவ்வளவு நேரம் கேட்கிறது என்பது சட்டென்று புரிந்துவிடும்.

குழுவும் ஆட்டமும்

எங்கள் குழுவில் ஏழெட்டுப் பேர். சாட்ஸ்வொர்த்தில் துறைமுக வேலை பார்க்கும் அண்ணா ஒருவர், பீனிக்ஸில் மருந்துக்கடை வைத்திருக்கும் அக்கா, வெருலத்திலும் டொங்காட்டிலும் தம்பிகள், பிரிட்டோரியா பக்கம் லௌடியத்தில் ஒருவர். பெரும்பாலும் 1860க்குப் பின் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்களின் வாரிசுகள். ஹெட்செட்டில் பேச்சு பாதி ஆங்கிலம், பாதி தமிழ். கோபம் வந்தால் முழுத் தமிழ்.

ஈவ் ஆன்லைன் ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் இருக்கும் சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்ட ஆட்டம். உலகம் முழுக்க ஏறக்குறைய எல்லோரும் லண்டனில் இருக்கும் ஒரே சர்வரில் ஆடுகிறார்கள். டர்பனிலிருந்து சிக்னல் போய் வரத் தாமதமாகும். ஆனால் சர்வர் ஒரு நொடிக்கு ஒரு தடவைதான் கணக்குப் பார்க்கிறது, அதனால் துப்பாக்கி ஆட்டங்களில் படும் அவதி இதில் இல்லை. தினமும் நம் ஊர் மதியம் ஒரு மணிக்குச் சர்வரைச் சில நிமிடங்கள் நிறுத்துவார்கள். அதைச் சாப்பாட்டு மணி என்றுதான் சொல்வோம்.

ஆட்டத்துக்குள் நடப்பது கிட்டத்தட்ட முழுப் பொருளாதாரம். கப்பல், குண்டு, உதிரி எல்லாமே ஆடுபவர்கள் தோண்டிய கனிமத்திலிருந்து ஆடுபவர்களே செய்வது. விற்பனை பெரும்பாலும் ஜிட்டா என்ற ஒரே சந்தையில். 2007லேயே சிசிபி ஒரு பொருளாதார அறிஞரைச் சம்பளத்துக்கு வைத்தது. எயோல்ஃபூர் குட்முண்ட்ஸன் என்ற அவர் பிறகு ஐஸ்லாந்தின் அகுரேரி பல்கலைக்கழகத்துக்குத் தலைவராகப் போனார். உற்பத்தி, அழிவு, பணப்புழக்கம் எல்லாவற்றையும் காட்டும் மாதாந்திர அறிக்கையை நிறுவனம் இன்றும் வெளியிடுகிறது. பல நாட்டு அரசுகள் தருவதைவிடத் தெளிவான அறிக்கை என்பது என் எண்ணம்.

நிலா யாருக்குச் சொந்தமாக இருந்தது

இந்த ஆய்வுக்கு நிலாக்கள்தான் மையம். டெக் 2 எனப்படும் உயர்தரக் கப்பல்களுக்குத் தேவையான மூலப்பொருள் நிலாக்களில் மட்டும் கிடைக்கும். 2009 டிசம்பரில் வந்த டொமினியன் அப்டேட்டை ஒட்டித் தயாரிப்புக் கணக்கு மாறியபோது, டெக்னீஷியம் என்ற ஒரே பொருள் எல்லாவற்றின் கழுத்தையும் பிடித்தது. அது கிடைத்த நிலாக்கள் பெரும்பாலும் வரைபடத்தின் வடக்கில் இருந்தன. 2012இல் அவற்றை வைத்திருந்த கூட்டணிகள், எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பான ஒபெக்கைப் பார்த்து ஓடெக் என்று பெயர் வைத்துக்கொண்டு, விலை விழாமல் காக்க ஒப்பந்தம் போட்டன. அதே ஆண்டு மலிவுப் பொருளை டெக்னீஷியமாக மாற்றும் ரசவாத வழியை நிறுவனம் திறந்துவிட்டது. 2013 ஜூனில் ஒடிசி அப்டேட் நிலா வளங்களையே கலைத்துப் போட்டது. கார்ட்டெல் அதோடு சரி.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பேராசை, ஏகபோகம் என்று விலையோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் காலத்து நிலாவுக்கு ஆள் தேவைப்படவில்லை என்பதுதான். ஒரு நிலையத்தை நட்டு எரிபொருள் போட்டுவிட்டால் மணிக்கு மணி தானாகவே கறக்கும். உரிமையாளர் தூங்கலாம். எதிரி வந்தால் மட்டும் பெரும்படை எழுந்து வர வேண்டும். அதாவது தினசரி நேரம் தேவையில்லை, ஆள்பலம் வேண்டும். எங்களைப் போன்ற ஏழெட்டுப் பேருக்கு அப்போது நல்ல நிலா எட்டாக்கனி.

2017 அக்டோபரில் லைஃப்பிளட் வந்து இதைத் தலைகீழாக்கியது. தானாகக் கறக்கும் முறை போயிற்று. அதனார் அல்லது டட்டாரா என்ற சுத்திகரிப்பு நிலையத்தை நட்டு, நிலாவிலிருந்து ஒரு பாறைத் துண்டை இழுக்க வேண்டும். இழுக்கும் காலம் குறைந்தது 6 நாள், அதிகபட்சம் 56 நாள், முன்கூட்டியே குறிக்க வேண்டும். துண்டு வந்து சேர்ந்ததும் நாம் வெடிக்கலாம். மூன்று மணி நேரத்துக்குள் வெடிக்காவிட்டால் அதுவே வெடித்துவிடும். சிதறிய பாறைகள் இரண்டு நாள் போலக் கிடக்கும். அதற்குள் கப்பல்களில் வந்து தோண்டி எடுக்க வேண்டும்.

பெரிய கூட்டணிகளுக்கு நூற்றுக்கணக்கான நிலாக்களையும் தோண்ட ஆள் போதவில்லை. நடுத்தர நிலாக்கள் பல காலியாயின. லோசெக் எனப்படும் அரைப் பாதுகாப்புப் பகுதியில் ஒன்றை நாங்கள் பிடித்தது இப்படித்தான். விலை ஏறியதாலோ இறங்கியதாலோ நாங்கள் உள்ளே வரவில்லை. வேலைக்கு உடம்பு தேவைப்பட்டது, எங்களிடம் உடம்பு இருந்தது.

மின்வெட்டு உள்ளே வந்தபோது

முதல் சில வருடங்கள் சனிக்கிழமை மாலை வெடிப்பு என்று வழக்கம் வைத்திருந்தோம். சுரங்கக் கப்பல்கள் நான்கைந்து, அவற்றின் வேகத்தைக் கூட்டும் போர்ப்பஸ் ஒன்று, காவலுக்கு இரண்டு பேர். வெள்ளிக்கிழமை சாட்ஸ்வொர்த் அண்ணா கூப்பிடுவார்.

"தம்பி, நிலா எப்ப வெடிக்குது?"

"சனிக்கிழமை ஏழு மணிக்கு அண்ணா."

"சரி, ஆறரைக்குள்ள சாப்பிட்டுட்டு வந்துர்றேன்."

கோயில் நாட்காட்டியைப் பார்த்தும் தேதி குறிப்போம். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் ஞாயிறு வேண்டாம். புரட்டாசியில் சனிக்கிழமையே ஆகாது, வீட்டில் விரதமும் பூசையும் இருக்கும். தைப்பூசக் காவடி வாரம் முழுக்க விடுமுறை. பண்டிகை முன்கூட்டியே தெரிவதால் நிலாவோடு சண்டை வரவில்லை. 6 நாள் கழித்து என்ன என்று நிலா கேட்கும், பஞ்சாங்கம் பதில் சொல்லும்.

மின்வெட்டு அப்படிச் சொல்லாது. கட்டம் நான்கு என்று காலையில் இருக்கும், மாலைக்குள் ஆறாகும். 6 நாள் முன்பே உறுதி கேட்கும் விதியும், சில மணி நேரம் முன்பு மாறும் அட்டவணையும் ஒரே இரவில் சந்தித்தன. போதாததற்கு ஒவ்வொரு பகுதிக்கும் வேறு வேறு நேரம். சாட்ஸ்வொர்த்தில் வெளிச்சம் இருக்கும்போது பீனிக்ஸில் இருக்காது. பீனிக்ஸுக்கு வந்ததும் வெருலத்தில் போகும்.

என் கணக்கில் இங்கே ஒரு விசித்திரம் தெரிந்தது. மொத்த மனித மணிகள் அவ்வளவாகக் குறையவில்லை. பாறை இரண்டு நாள் கிடக்கிறதே, ஆளுக்கு ஆள் அவரவர் வெளிச்சத்தில் வந்து தோண்டினார்கள். அப்படியும் வருமானம் நன்றாகவே இறங்கியது. காரணம் எளிது. தோண்டும் அளவு மொத்த மணிகளைப் பொறுத்தது, ஆனால் பாதுகாப்பு ஒரே நேரத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. காவலும் போர்ப்பஸும் இல்லாமல் தனியாகத் தோண்டுபவன் மெதுவாகத் தோண்டுகிறான், சீக்கிரம் சாகிறான்.

நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதும் விதியில் இருக்கிறது. இணைப்பு அறுந்தால் கப்பல் தானாக விலகிப் பாய்ந்து ஒரு நிமிடம் போல நின்று மறைந்துவிடும். ஆனால் அதற்குள் இன்னொரு ஆட்டக்காரர் சுட்டிருந்தால் 15 நிமிடம் மறையாது. சண்டையிலிருந்து இணைப்பைப் பிடுங்கித் தப்பிப்பவர்களைத் தடுக்க வைத்த நியாயமான விதிதான். டொங்காட் தம்பியின் தெருவில் விளக்கு அணைந்தபோது அவனைத் துரத்தியவனுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் சுட்டிருப்பான்.

பிறகு ரௌட்டருக்குச் சின்ன யூபிஎஸ், வசதிப்பட்டவர்கள் வீட்டில் இன்வெர்ட்டர் என்று வந்தது. இன்வெர்ட்டர் வைத்தவர்தான் போர்ப்பஸ் ஓட்ட வேண்டும் என்று குழுவில் முடிவானது. திறமைக்கு இரண்டாம் இடம். பொருளாதாரத்தில் இதற்கு நல்ல பெயர் ஏதாவது இருக்கும்.

பஞ்ச காலம்

கால வரிசையில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 2019 ஜூலையில் நல்செக் எனப்படும், பாதுகாப்பே இல்லாத பகுதியில் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் பட்டியலை நிறுவனம் மறைத்துப் பார்த்தது. பிளாக்அவுட், அதாவது மின்தடை என்று பெயர், எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. செப்டம்பரில் திரும்ப எடுத்தார்கள். அதைவிட நீண்ட சோதனை 2020இல் தொடங்கிய ஸ்கேர்சிட்டி, பற்றாக்குறைக் கொள்கை. ஆட்டத்தில் கனிமம் மலிந்து, பெருங்கப்பல்கள் குவிந்து கிடந்தன. கையிருப்பைக் கரைக்க வேண்டும் என்று நினைத்தார்கள். பாறைகளைக் குறைத்தார்கள். நிலாத் தாதுவோடு கலந்து வந்த சாதாரணக் கனிமங்களில் பெரும்பகுதியை எடுத்தார்கள். எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்காதபடி பகுதிவாரியாகப் பிரித்தார்கள். 2021 ஏப்ரலில் போர்க்கப்பல்களுக்கும் பெருங்கப்பல்களுக்கும் புதிய உதிரிகள் தேவை என்று தயாரிப்புப் பட்டியலையே மாற்றினார்கள். விலை பல மடங்கு ஏறியது.

இங்கே பீனிக்ஸ் அக்காவின் ஒரு முடிவைப் பதிவு செய்ய வேண்டும். கட்டுமானத்துக்குப் பொருள் கழிவது வேலையைத் தொடங்கும் நொடியில், முடியும்போது இல்லை. ஆகவே மாற்றத்துக்கு முன் தொடங்கினால் பழைய கணக்கு. இதைக் கவனித்து, இருந்த பணத்தையெல்லாம் முன்கூட்டியே போர்க்கப்பல் வேலைகளில் போட்டார். மருந்துக்கடையில் விலை உயர்வுச் சுற்றறிக்கை வந்தால் செய்வதைத்தான் இங்கேயும் செய்தேன் என்றார். எல்லோருக்கும் தெரிந்த தந்திரம்தான், உலகம் முழுக்கச் செய்தார்கள். ஆனால் அறிவிப்பைப் படித்தவுடன் செய்தவருக்கும், அப்டேட் இறங்கும் வாரத்தில் செய்தவருக்கும் லாபம் ஒன்றல்ல. மூலப்பொருள் விலை அறிவிப்பு நாளிலேயே நகர ஆரம்பித்துவிடும்.

போர் உத்தியும் விலையோடு நகர்ந்தது. கப்பல் மலிவாக இருந்தபோது சும்மா போய்ச் செத்துவிட்டு வருவார்கள். விலை ஏறியதும் சிறு குழுக்கள் போர்க்கப்பலை நிறுத்தி வைத்துவிட்டு மலிவான குரூசருக்கு இறங்கின. பெரிய கூட்டணிகளிடம் பழைய கையிருப்பு இருந்தது. கையிருப்பைக் கரைக்க வந்த கொள்கை, கையிருப்பே இல்லாதவனின் நேரத்தைத்தான் முதலில் கரைத்தது. ஒரு கப்பலை ஈடுகட்ட முன்பு ஓர் இரவு போதும், இப்போது பல இரவுகள். 2021 கடைசியில் நியூ டான் என்ற பருவத்தில் தளர்த்தினார்கள். அந்தக் கொள்கையின் நோக்கம் சரி, அதை அவ்வளவு காலம் நீட்டியது தப்பு என்பது என் தீர்ப்பு. லௌடியம்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். அந்தக் காலத்தில் லோசெக் கனிமங்களுக்கு நல்ல விலை கிடைத்ததே என்பார். அதுவும் உண்மை.

2022 மே மாதம் மாதச் சந்தா 14.95 டாலரிலிருந்து 19.99 டாலராக உயர்ந்தது. டாலர் விலையை அன்றைய மாற்று விகிதத்தில் பெருக்கினால், அந்த வருடத் தொடக்கத்தில் சுமார் 230 ரேண்டாக (எங்கள் நாட்டு நாணயம்) இருந்தது 2023 நடுவில் 370ஐ நெருங்கியது. ஆட்டத்துக்குள் சம்பாதித்த பணத்தில் 500 பிளெக்ஸ் (சந்தாவாக மாற்றக்கூடிய ஆட்ட நாணயம்) வாங்கினால் 30 நாள் சந்தா கட்டலாம். ஆக எங்களுக்கு இரண்டு பக்கமும் நேரத்தில்தான் வந்து நின்றது. வெளியே வேலை பார்த்து ரேண்டாகக் கட்டு, அல்லது உள்ளே தோண்டிப் பிளெக்ஸாகக் கட்டு. மின்வெட்டு இரண்டையும் கடித்தது.

பண்டிகைகள் பற்றி ஒரு வரி

அக்டோபரை ஒட்டி வரும் கிரிம்சன் ஹார்வெஸ்ட், டிசம்பரில் வின்ட்டர் நெக்ஸஸ் போன்ற பருவ நிகழ்வுகள் பொருளாதாரத்தை மாற்றும் என்று பலர் எழுதுகிறார்கள். என் கணக்கில் அவை பெரிதாகத் தெரியவில்லை. சில ஊக்கமருந்துகளும் பெயிண்டும் மலியும், சில வாரத்தில் அடங்கும். அவற்றால் ஆன நன்மை, தனியாக அரை மணி நேரம் வந்தாலும் ஏதோ கிடைக்கும் என்பது. கரண்ட் இல்லாத ஊருக்கு அது பெரிய விஷயம்.

    

ஈக்வினாக்ஸ்: ஆள் தேவையில்லாத நிலா மறுபடி

2024 ஜூன் 11 அன்று ஈக்வினாக்ஸ் வந்தது. நல்செக் ஆட்சி முறையை மாற்றியது, கோள்களைச் சுற்றி ஸ்கைஹூக் என்ற வளம் எடுக்கும் நிலையங்களை நட வைத்தது. எங்களைத் தொட்டது மெட்டெனாக்ஸ் என்ற தானியங்கித் துளைப்பான். லோசெக் நிலாவில் நட்டு எரிபொருள் போட்டால் போதும், யாரும் தோண்ட வேண்டாம். அதனாரில் ஆள் வைத்துத் தோண்டுவதைவிட விளைச்சல் குறைவு. பழைய காலத்துத் தூங்கும் நிலா திரும்பிவிட்டது, அளவு மட்டும் சிறியது.

வேடிக்கை என்னவென்றால், மின்வெட்டுக்கு மருந்து மாதிரி வந்த இந்தப் பொருள் மின்வெட்டு நின்ற பிறகு வந்தது. நாடு முழுக்க 2024 மார்ச் 26இலிருந்து விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. எங்களுக்கு மாலை நேரங்கள் திரும்பக் கிடைத்திருந்தன. அப்படியும் இரண்டு சின்ன நிலாக்களில் துளைப்பான் நட்டோம்.

இதில் ஒரு பூட்டு இருக்கிறது. வழக்கமான எரிபொருளோடு மாக்மா வாயுவும் வேண்டும். அது எரிமலைக் கோள்களில் நட்ட ஸ்கைஹூக்குகளிலிருந்துதான் வரும். ஸ்கைஹூக் நட நல்செக்கில் ஆட்சி வேண்டும், அதாவது பெரிய கூட்டணிகள். லோசெக் நிலா எங்களுடையது, அதன் அடுப்புக்கு விறகு அவர்களுடையது. வாயு விலை ஏறும் வாரத்தில் குறைந்த தர நிலாவின் லாபம் அப்படியே ஆவியாகும். ஆகவே வேலை மாறியது: முன்பு பாறையைப் பார்த்தோம், இப்போது ஜிட்டாவில் வாயுவின் வாங்கும் விலையைப் பார்க்கிறோம். அக்கா வாயு மலிவாக இருக்கும்போது சில மாதத்துக்கு வாங்கி வைப்பார். விலை ஒரு வரம்பைத் தாண்டினால் ஒரு துளைப்பானை நிறுத்திவிடுவோம். வரம்பை ஒவ்வொரு நிலாவுக்கும் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறோம். தரம் குறைந்த நிலாதான் எப்போதும் முதலில் நிற்கும்.

இன்னொரு ஆபத்து, துளைப்பானின் வயிற்றில் சேரும் சரக்கு. அதை உடைத்தால் உள்ளே இருப்பது உடைத்தவனுக்கு விழும். மற்ற நிலையங்களில் இருக்கும் சொத்துப் பாதுகாப்பு இதற்குக் கிடையாது. எனவே அடிக்கடி அள்ள வேண்டும். நிறைய விட்டுவைத்தால் தேன்கூடு, யாராவது கல்லெறிவார்கள். வாரம் இரண்டு தடவை ஒருவர் போய் அள்ளிவரும் முறை வைத்தோம். அரை மணி நேர வேலை, ஒரே ஆள், எந்த நேரமும். ஆக லைஃப்பிளட் கேட்டது சேர்ந்திருக்கும் நேரம், ஈக்வினாக்ஸ் கேட்பது சிதறிய நேரம். புதிதாக அப்பாவான வெருலம் தம்பி திரும்ப வந்தது இதனால்தான். சனிக்கிழமை ஏழு மணிக்கு அவனால் வர முடியாது, நள்ளிரவுப் பால் புகட்டலுக்குப் பின் வர முடியும்.

வருமானம் என்ன ஆயிற்று? குழுவின் மொத்தம் கொஞ்சம் கூடியது. ஆள் ஒருவர் செலவிடும் நேரம் நன்றாகவே குறைந்தது. காவல் படை கலைந்தது. அதன் விலை பின்னால் தெரிந்தது: ஐரோப்பிய இரவில் ஒரு கும்பல் துளைப்பானைத் தாக்கியபோது, காப்பாற்ற வேண்டிய நேரத்துக்கு மூன்று பேர்தான் கூடினோம். சேர்ந்து பறக்கும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. யார் எந்தக் கப்பலில் வருவது என்று பேசி முடிப்பதற்குள் அது போய்விட்டது. பணமாகப் பார்த்தால் தாங்கக்கூடிய நஷ்டம், அடுத்த வாரமே புதிது நட்டோம். படையாகப் பார்த்தால் நாங்கள் இல்லாமல் போயிருந்தோம்.

இப்போதைய ஏற்பாடு

2025 ஜனவரி 31 அன்று மின்வெட்டு திரும்ப வந்து எட்டிப் பார்த்தது. துளைப்பான்கள் பாட்டுக்கு ஓடின, யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அந்த வாரம்தான் அண்ணா ஒரு யோசனை சொன்னார். பழைய அதனாரை விற்க வேண்டாம், மாதம் ஒரு சனிக்கிழமை மட்டும் வெடிப்போம், புரட்டாசி தவிர. எல்லோரும் வர வேண்டும், வருபவர் காவல் கப்பலும் கொண்டு வர வேண்டும்.

அக்கா கணக்கைக் காட்டினார். மாதம் ஒரு வெடிப்புக்காக அதனாரின் சேவைகளை ஓட்டும் எரிபொருள் செலவைப் பார்த்தால், அதே நிலாவில் துளைப்பான் நடுவது லாபம். அவர் கணக்கில் தப்பில்லை. நான் பயிற்சிச் செலவு என்று தனித் தலைப்புப் போட்டு, துளைப்பான் லாபத்திலிருந்து எழுதச் சொன்னேன். வாக்கெடுப்பில் அதனார் தப்பியது. அடுத்த பெரிய அப்டேட் வரும் வரைக்கும்தான் இந்த ஏற்பாடு என்று அக்கா குறிப்பில் சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன். வாயு விலை இன்னொரு தடவை வரம்பைத் தாண்டினால் அப்டேட்டுக்குக் காத்திருக்க மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறார்.